தீவுக்குப் போன அன்பு, தீவை ஒழித்த அன்பு

1873ஆம் ஆண்டில் தொழுநோயின் கதையில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிப்ரவரி மாதம், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர், நோயாளியின் உடலில் இருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, குச்சி குச்சியாகத் தெரிந்த கிருமிகளைக் கண்டார். பரம்பரை வியாதி என்றும் கடவுள் கொடுத்த தண்டனை என்றும் காலங்காலமாகச் சொல்லப்பட்ட நோய், வெறும் ஒரு கிருமியின் வேலை என்று தெரியத் தொடங்கியது அன்றுதான். அதே ஆண்டு மே 10ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோகாயில், தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் கரையில் 33 வயது பெல்ஜியக் குருவானவர் ஒருவர் இறங்கினார். அவர் பெயர் தமியான்.

தன்னையே கொடுக்கும் அன்பு என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டால், ஆசிரியர் சொல்லும் பெயர்களில் தமியானுடையது கட்டாயம் இருக்கும். ஹான்சனை அங்கே யாரும் சொல்வதில்லை. அது இயல்புதான். ஆனால் 150 ஆண்டுகள் கழித்து அந்தக் கரையையும், அதன்பின் வந்த மருத்துவமனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, இருவரும் தொடங்கிவைத்த பாதைகள் ஒன்றையொன்று தேடி வந்து கூடியிருப்பது தெரிகிறது. அவை கூடிய இடத்தில், தியாகம் என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்லிவந்தார்களோ அதுவும் உருமாறிவிட்டது.

அன்று: மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மலை

ஹவாய் அப்போது தனி அரசு. வெளிநாட்டுக் கப்பல்கள் வந்த நாளிலிருந்து அம்மையும் தட்டம்மையும் பிற தொற்றுகளும் அந்த மக்களை வாரிக்கொண்டு போயின. எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு சனம் கண்முன்னே குறைந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் 1865இல் அரசர் ஐந்தாம் கமேஹமேஹா ஒரு சட்டத்துக்குக் கையெழுத்திட்டார். தொழுநோய் என்று உறுதியானவர்களைப் பிடித்து, மொலோகாய் தீவின் வடகரையில் நீண்டுகிடக்கும் நாக்குப் போன்ற நிலத்தில் விட்டுவிட வேண்டும். மூன்று பக்கம் அலைகடல். நான்காவது பக்கம் சுமார் 600 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறைச்சுவர். சிறைக்கு மதில் கட்டவேண்டிய செலவுகூட அரசுக்கு இல்லை.

1866 ஜனவரி 6ஆம் தேதி முதல் 12 பேர் அங்கே இறக்கிவிடப்பட்டார்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. விரல் மடங்கிப்போனவர்கள், பார்வை மங்கியவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தச் சட்டம் நடப்பில் இருந்த நூறாண்டுகளில் ஏறக்குறைய 8,000 பேர் அந்தக் கரைக்குப் போனார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் ஹவாயின் பூர்வ குடிகள். அங்கே பிறந்த குழந்தைகள் பிறந்த கையோடு தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன.

தமியான் அங்கே போனது நிரந்தரமாகத் தங்க அல்ல. ஆயர் மெக்ரே நான்கு குருக்களை முறைவைத்து அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. ஆளுக்குச் சில மாதங்கள். முதல் முறை தமியானுடையது. தங்க வீடு இல்லாததால் ஆரம்ப இரவுகளில் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். போன சில நாட்களிலேயே, தன்னை அங்கேயே விட்டுவிடும்படி எழுதிவிட்டார். அப்புறம் 16 ஆண்டுகள்.

அங்கே அவர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் அது ஒரு சாமியாரின் நாட்குறிப்பு மாதிரி இருக்காது. ஊர்த் தச்சரின் கணக்குப்புத்தகம் மாதிரி இருக்கும். வீடு கட்டினார். ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். அநாதைப் பிள்ளைகளுக்கு இருப்பிடம் அமைத்தார், பாடற்குழு சேர்த்தார், புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டார். ஹவாய் மக்கள் ஒரே கலத்தைச் சுற்றி உட்கார்ந்து, கிழங்கை இடித்துச் செய்த கூழைக் கையால் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள். அவரும் அந்தக் கலத்தில் கைவைத்தார்.

ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். கரையில் இறங்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தமியான் படகில் கப்பலின் அருகே போய், மேல்தளத்தில் நின்றவரைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி தன் பாவங்களை உரக்கச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நோயைவிட அந்தத் தனிமைதான் அவரை அதிகம் வாட்டியிருக்க வேண்டும்.

1884 டிசம்பரில் கொதிக்கக் கொதிக்க இருந்த வெந்நீரில் காலை வைத்தபோது தோல் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. நோய் வந்துவிட்டது என்பதற்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. அதன்பிறகும் கூரையேறி வேலை செய்தவர், 1889 ஏப்ரல் 15ஆம் தேதி, 49ஆம் வயதில் இறந்தார்.

சாவே சாட்சி என்றிருந்த காலம்

தமியானின் மனம் எங்கிருந்து வந்தது என்பது புதிர் அல்ல. அவர் துறவற வார்த்தைப்பாடு எடுத்த நாளில், அந்தச் சபையின் வழக்கப்படி, தரையில் குப்புறப் படுத்தவர் மேல் சவத்துக்குப் போர்த்தும் துணியைப் போர்த்தினார்கள். உலகத்துக்கு இனி இவர் செத்தவர் என்று பொருள். மொலோகாய்க்குப் போகும்போது அந்தத் துணியை நினைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். நற்செய்தியும் அதையே சொன்னது. மாற்கு எழுதியபடி, யாரும் தொடக்கூடாத ஒருவரை இயேசு தொட்டுக் குணமாக்குகிறார். அவன் ஊருக்குள் போகிறான், செய்தி பரவுகிறது, இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே ஆளில்லாத இடங்களில் தங்குகிறார். உள்ளே இருந்தவர் வெளியே, வெளியே இருந்தவன் உள்ளே. இந்த இடமாற்றத்தைத் தமியான் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து காட்டினார்.

இந்த நினைப்பு திருச்சபையில் பழையது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைக் கவனித்து அதே நோயில் மாண்ட கிறிஸ்தவர்களைப் பற்றி அந்நகர ஆயர் தியோனீசியுஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தச் சாவு மறைசாட்சியின் சாவுக்குக் குறைந்ததில்லை என்பது அவர் கருத்து. 16ஆம் நூற்றாண்டில் கமில்லுஸ் தொடங்கிய சபையினர், உயிருக்கு ஆபத்து வந்தாலும் நோயாளியை விட்டு அகலமாட்டோம் என்று தனியாக ஒரு வார்த்தைப்பாடே எடுத்தார்கள். மருந்தில்லாத காலத்தில் அன்பு கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பது. பக்கத்தில் இருந்தால் சாவு வரலாம். ஆகவே அன்பின் அளவுகோலாகச் சாவே ஆகிப்போனது.

ஆனால் இந்த அளவுகோலுக்கு ஒரு கோணல் உண்டு. தமியான் இறந்ததும் உலகப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர், தமியானின் அழுக்கையும் ஒழுக்கத்தையும் இகழ்ந்து எழுதிய கடிதம் அச்சாகிவிட்டது. நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தமியான் இறந்து சில வாரங்களில் அந்தக் கரைக்கே போய்த் தங்கிவந்தவர். 1890இல் அவர் எழுதிய பதில் கடிதம் ஹைட்டைத் தீர்த்துக்கட்டியது. சண்டை பெரிதாக நடந்தது. இரண்டு தரப்பும் பேசியது ஒரு வெள்ளைக்காரக் குருவைப் பற்றி மட்டுமே. ஆயிரக்கணக்கான ஹவாய் மக்கள் அவருடைய தியாகம் நடந்தேறிய மேடையாக நின்றார்கள்.

சொல்லப்படாத பெயர்கள்

அந்த மேடையிலேயே தியாகிகள் நிறைய இருந்தார்கள். நோய் இல்லாமலேயே, நோயாளியான கணவனோடோ மனைவியோடோ பிள்ளையோடோ மொலோகாய்க்குக் கூடவே போனவர்களை ஹவாய் மொழியில் கோகுவா என்பார்கள். சோறாக்கிக் கொடுக்கவும் புண் கழுவவும் போனவர்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை.

ஜோனத்தான் நபேலா அவர்களில் ஒருவர். மோர்மன் சபையைச் சேர்ந்த ஹவாய்த் தலைவர், சட்டம் படித்தவர், வசதியானவர். அவர் மனைவி கிட்டிக்கு நோய் வந்ததும், அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் 1873இல் தானும் போனார். தமியான் வந்த அதே ஆண்டு. இரண்டு பேரும் வேறு வேறு சபை, ஆனாலும் நண்பர்களானார்கள். நபேலாவுக்கும் நோய் தொற்றியது. தமியானுக்குப் பத்தாண்டு முன்பே, 1879இல், இறந்துபோனார். கட்டிய மனைவிக்காகப் போனவரை உலகம் கொண்டாடாது. அது குடும்பக் கடமை என்று சொல்லி நகர்ந்துவிடும்.

பீலானியின் கதை இன்னும் வேறு மாதிரி. காவாய் தீவைச் சேர்ந்த அவள் கணவன் கோஓலாவுக்கும் மகனுக்கும் நோய். மொலோகாய்க்குப் போகச் சொன்னபோது, மனைவியைக் கூட்டிப்போக அனுமதியில்லை என்றார்கள். கோஓலாவ் மறுத்தான். குடும்பம் கலலாவ் பள்ளத்தாக்குக்குள் ஓடி ஒளிந்தது. 1893இல் பிடிக்க வந்த படையை அவன் துப்பாக்கியால் எதிர்த்தான். காட்டுக்குள் மகனும் அவனும் அடுத்தடுத்து இறக்க, இருவரையும் புதைத்துவிட்டுப் பீலானி தன்னந்தனியாக மலையேறி ஊருக்கு வந்தாள். 1906இல் அவள் சொன்ன கதை ஹவாய் மொழியில் புத்தகமானது. கரைக்குப் போனவர்களின் அன்பும், கரைக்குப் போகமாட்டேன் என்று நின்றவர்களின் அன்பும் ஒரே எடை உடையவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யோவான் நற்செய்தியில் இயேசு, தன் உயிரை எவரும் பறிக்கவில்லை, தானாகவே கொடுக்கிறேன் என்ற பொருளில் பேசுகிறார். கிறிஸ்தவத் தியாகத்தின் அச்சாணி அந்தத் ‘தானாக’ என்பதுதான். தமியான் தானாகக் கொடுத்தார். நபேலாவும் பீலானியும் அப்படியே. ஊரின் நலனுக்காக என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்ட 8,000 பேரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதைத் தியாகம் என்று பிரசங்கத்தில் சொல்லக் கூசவேண்டும்.

கை கழுவிய அன்னை

அளவுகோல் மாறத் தொடங்கிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் அன்னை மரியான் கோப்பைக் காட்டுவேன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிரான்சிஸ்கன் சகோதரி. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மருத்துவமனை நடத்தியவர். தொழுநோயாளிகளைக் கவனிக்க ஆள் தேவை என்று ஹவாய் அரசு ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகளைக் கேட்டது. எல்லாரும் கைவிரித்தபின் அவர் ஒப்புக்கொண்டார். 1883இல் ஆறு சகோதரிகளோடு ஹொனலூலுவில் இறங்கினார். 1888இல் மொலோகாய்க்கே வந்து, சாகக் கிடந்த தமியானைப் பார்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டார்.

மருத்துவமனை நடத்திய பெண் என்பதால் அவருக்குச் சுத்தத்தின் அருமை தெரியும். ஒவ்வொரு நோயாளியைத் தொட்டபின்பும் கை கழுவ வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிப்பான விதி. உங்களில் யாருக்கும் இந்த நோய் வராது என்று சகோதரிகளுக்கு வாக்குக் கொடுத்தார். அப்படியே ஆயிற்று. அவருடன் இருந்த சகோதரிகளில் ஒருவருக்கும் தொழுநோய் வரவில்லை. அவரும் 30 ஆண்டுகள் அங்கே உழைத்து, 1918இல் 80 வயதில் முதுமையில் இறந்தார்.

பழைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் மரியான் ஒரு படி கீழே. ஒரே கலத்தில் கைவைக்கவில்லை, நோயை வாங்கிக்கொள்ளவில்லை, இளவயதில் சாகவில்லை. ஆனால் நோயாளிப் பெண்பிள்ளைகளின் கண்ணில் பார்த்தால் தினமும் வருகிற, தைக்கக் கற்றுக்கொடுக்கிற, நல்ல துணி உடுத்தச் சொல்கிற, அடுத்த வருடமும் உயிரோடு இருக்கப்போகிற ஒருத்தி கிடைத்திருக்கிறாள். தமியானின் கையும் மரியானின் கழுவிய கையும் தொட்டது ஒரே புண்ணைத்தான். தொடுவதற்கு நோயை விலையாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று அவர் காட்டினார்.

நீரடிமுத்து முதல் மாத்திரை வரை

இதற்கிடையே ஹான்சன் தொடங்கிய பாதையும் நடந்துகொண்டிருந்தது. நம் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் தோல் நோய்களுக்குப் பயன்பட்ட நீரடிமுத்து எண்ணெயும் அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயும் மேல்நாட்டு மருத்துவர்களின் கைக்குப் போயிருந்தன. பிசுபிசுப்பான அந்த எண்ணெயை ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டிகட்டியாக நின்றுவிடும். 1915 வாக்கில் ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் படித்துக் கற்பித்த ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண், அதை உடலில் கலக்கும் வடிவத்துக்கு மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். 24 வயதில் இறந்துபோனார். அவர் வழியைப் பின்பற்றியவரின் பெயரில் அது நெடுநாள் வழங்கியது.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து பலன் தருவது தெரிந்தது. 1946இல் அது மொலோகாய்க்கு வந்தது. 1969இல் ஹவாய் தனிமைப்படுத்தும் சட்டத்தைக் கைவிட்டது. கதவு திறந்ததும் எல்லாரும் போய்விடவில்லை. பாதி வாழ்க்கையை அங்கேயே கழித்தவர்கள், வெளியே யாரையும் தெரியாதவர்கள், நண்பர்களின் கல்லறைகளை விட்டுப் போக மனமில்லாதவர்கள் அங்கேயே இருக்க விரும்பினார்கள். அந்த உரிமை அவர்களுக்குத் தரப்பட்டது. 1980இல் அந்த நிலம் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

பொலம்பாக்கத்து மரத்தடி

தமியானின் நாட்டிலிருந்து அடுத்த அத்தியாயம் நம் செங்கல்பட்டுச் சீமைக்கு வந்தது. காங்கோவில் தொழுநோய்க்கு வைத்தியம் பார்த்த பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ் 1955இல் பொலம்பாக்கத்தில் ஒரு மையம் தொடங்கினார். மதில் வைத்த காப்பகம் கட்டுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். நோயாளிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில், மருந்துப் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சாலையோரத்து மரத்தடியில் மேசை போட்டு, குறித்த நாளில் குறித்த நேரத்தில் மாத்திரை கொடுத்தார். நோயாளி வாங்கிக்கொண்டு வயலுக்கோ வீட்டுக்கோ திரும்பலாம். மனைவி மக்களோடே இருக்கலாம். அவருக்குப்பின் பொறுப்பேற்ற மருத்துவர் கிளேர் வெல்லூட்டும் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். தன் உழைப்பையெல்லாம் இந்தியத் தொழுநோயாளிகளுக்கே கொடுத்து, இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

மொலோகாயையும் பொலம்பாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் ஊர் துரத்தியவரோடு சேர்ந்து ஒருவர் ஊரைவிட்டு வெளியேறினார். பின்னதில் துரத்தவே தேவையில்லாதபடி வைத்தியம் ஊருக்குள் வந்தது. தமியான் தன் உயிரைக் கொடுத்து எதிர்த்தது கிருமியை அல்ல, பிரிவினையை. அந்தப் பிரிவினையை மரத்தடி மேசை அடியோடு தேவையற்றதாக்கியது.

வேலூரிலும் இதே காலத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கொல்லிமலையில் ஊழியர் குடும்பத்தில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், எலும்பு அறுவை மருத்துவராக 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய்க் காப்பகத்தில் மருத்துவர் காக்ரேன் அவருக்குக் காட்டிய மடங்கிய கைகள் அவர் வாழ்க்கையைத் திருப்பின. தசைநாரை மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் அசைய வைத்தார். விரல்கள் அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போனதால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் அழிகின்றன என்று நிறுவினார். இரவில் சிலருடைய விரல் துண்டு காணாமல் போனதற்குக் காரணம் தேடியபோது, தூங்குகிறவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நோயாளிகள் படுக்கும் இடத்துக்குப் பூனை வளர்க்கச் சொன்னார். 1955இல் தொடங்கிய கரிகிரி மையத்தில், புண்பட்ட பாதத்துக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்த செருப்பு, எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊர் தொழுநோய்ப் பிரிவுகளில் இன்றும் வழங்குவது, உருப்பெற்றது. பூனையையும் செருப்பையும் எந்தச் சுரூபத்திலும் யாரும் செதுக்கப்போவதில்லை. காப்பாற்றிய விரல்களும் பாதங்களும்தான் அவற்றுக்குச் சாட்சி.

இன்று: சபை எதை எண்ணுகிறது?

தமியானுக்கு 2009 அக்டோபர் 11இல் புனிதர் பட்டம். மரியானுக்கு 2012 அக்டோபர் 21இல். நோயை வாங்கி இறந்தவரும் நோயைத் தடுத்து வாழ்ந்தவரும் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே பீடத்துக்கு வந்தார்கள். தமியானுக்குப் பட்டம் கிடைத்த அதே 2009இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, மொலோகாயில் அடைக்கப்பட்ட எல்லாருடைய பெயரையும் பொறிக்கும் நினைவுச்சின்னத்துக்கு வழிசெய்தது. ஒரு பெயர் நின்ற இடத்தில் 8,000 பெயர்கள் வரவேண்டும் என்ற புரிதல் இந்தத் தலைமுறையுடையது.

2017 ஜூலை 11இல் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னொரு வாசலைத் திறந்தார். அதுவரை புனிதர் நிலைக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்: விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது நற்பண்புகளை வீரத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும். பிறர் அன்புக்காகத் தானே முன்வந்து, சாவு நெருங்கியது தெரிந்தும் ஏற்று இறந்தவர்களுக்கு, தம் உயிரைக் கையளித்தல் என்ற தனி வழி வகுக்கப்பட்டது. பழைய இரண்டு வழிகளிலும் அடங்காத இந்த இக்கட்டை ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பஸ்தனுக்குப் பதிலாக 1941இல் சாகப் போன மாக்சிமிலியன் கோல்பே முன்பே உண்டாக்கியிருந்தார். 1971இல் அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் மறைசாட்சியாகக் கணிக்கப்படவில்லை. 1982இல் இரண்டாம் ஜான் பால் அவரை மறைசாட்சி என்றே அறிவித்தார். அலெக்சாந்திரியா ஆயர் 3ஆம் நூற்றாண்டில் கடிதத்தில் எழுதியது 21ஆம் நூற்றாண்டில் சபைச் சட்டமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே எதிர்த்திசையில் இருந்தும் ஒரு கேள்வி வந்திருந்தது. 1960இல் வாலரி சேவிங் என்ற அமெரிக்க இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அகந்தையே பாவம், தன்னை ஒடுக்கிக் கொடுப்பதே மருந்து என்று இறையியல் சொல்வது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது. பெண்களில் பலருக்கு நோய் அகந்தையே அல்ல, தனக்கென்று ஒன்றுமே மிச்சமில்லாமல் போவதுதான் என்றார். நம் பங்குகளில் இதை விளக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்ல வந்தவளிடம், “சிலுவையைச் சுமந்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்பிய சாமியார்களும் போதகர்களும் உண்டு. ஒருத்தியை மொலோகாய்க்குக் கப்பலேற்றிவிட்டு, அதற்குத் தமியானின் பெயரை வைப்பது போன்றது அது. தியாகத்தை ஒருவர் தானாகக் கொடுக்கலாம். இன்னொருவர் வசூலிக்க முடியாது.

மருந்து வந்தபின் மிஞ்சுவது

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில், நோயின் வகைக்கேற்ப ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தொழுநோய் குணமாகிவிடும். மாத்திரை இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் அபாயம் நீங்கிவிடுகிறது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தொழுநோய் தாண்டிவிட்டதாக 2005ஆம் ஆண்டின் இறுதிநிலையை வைத்து இந்தியா அறிவித்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019இல்தான் போனது. 

நோய் மட்டும் போய்விடவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்குமேல் இன்னும் இந்தியாவில்தான். உணர்ச்சியற்ற தேமலை மறைத்துக்கொண்டு, பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கிற தகப்பன் நம்மிடையே இருக்கிறார். அந்தத் தாமதத்தில்தான் கை மடங்குகிறது.

இன்று இவர்களுக்குத் தமியானைப் போல் நோயை வாங்கிக்கொள்ளும் ஒருவர் தேவையில்லை. அப்படி வாங்கிக்கொண்டால் அது அறியாமை. தேவைப்படுவது வேறு. வெயிலில் வீடு வீடாகப் போய் முதுகுத் தேமலைப் பார்த்துக் கேட்கும் சுகாதாரப் பணியாளர். உணர்ச்சியற்ற பாதத்தைத் தினமும் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவப் பொறுமையோடு கற்றுக்கொடுக்கும் ஒருவர். மருந்து முடிந்தபின்னும் தன் பெரியப்பாவைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைக்கும் பிள்ளைகள். இவற்றில் உயிர் போகாது. ஆனால் நேரம் போகும், பேர் கிடைக்காது, ஆண்டுக்கணக்கில் அலுக்காமல் செய்யவேண்டியிருக்கும். ஒரே வீச்சில் உயிரைக் கொடுப்பதற்கு வேண்டிய துணிவு வேறு, இதற்கு வேண்டிய துணிவு வேறு. இரண்டுமே தன்னைக் கொடுப்பதுதான்.

ஆகவே பிரசங்க மேடையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் தமியானைப் பற்றிச் சொல்லும்போது, அவர் எவ்வளவு இழந்தார் என்பதோடு கதையை நிறுத்தக்கூடாது. அவர் போனதால் மரியான் வந்தார், மரியான் கை கழுவக் கற்றுக்கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் மரத்தடிக்கு மருந்தைக் கொண்டுவந்தார்கள். இன்று இன்னொரு தமியான் சாகவேண்டிய அவசியம் இல்லை. அவருடைய தியாகம் பலித்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு வேறில்லை. உயிரைக் கொடுப்பவர்களைப் போற்றும் சபை, அடுத்த தலைமுறையில் யாரும் அந்த விலை கொடுக்காதிருக்க என்ன செய்தது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.